மஹாத்வாரத்தில் சோகாமேளர்

பாண்டுரங்க தரிசனத்திற்காகப் பண்டரிபுரம் சென்ற அன்பர்கள், மஹாத்வாரத்தில் நாமதேவர் படியைத் தொட்டு வணங்கியிருப்பீர்கள். அதற்கு எதிரிலேயே ஒரு சிறிய சமாதி இருக்கிறது. தரிசன அவசரத்தில் பலர் அதைக் கவனிப்பதில்லை. அது பக்த சோகாமேளருடையது.

பதினான்காம் நூற்றாண்டில், பண்டரிபுரத்திற்கு அருகிலுள்ள மங்கள்வேடேயில் வாழ்ந்தவர் இவர். மஹார் குலத்தவர். செத்த மாடுகளை அகற்றுவதும் ஊருக்குக் கூலியில்லா வேலை செய்வதுமே அக்குலத்தாருக்கு விதிக்கப்பட்டிருந்தது. தையற்காரர் குலத்தில் உதித்த நாமதேவரை குருவாக ஏற்று, விட்டல நாமத்திலேயே தோய்ந்தார். மனைவி ஸோயராபாய், மகன் கர்மமேளா, சகோதரி நிர்மலா, அவர் கணவர் பங்கா என்று குடும்பமே அபங்கம் பாடியது. ஆனால் கோயிலுக்குள் போக மட்டும் அவர்களுக்கு அனுமதியில்லை.

பக்தர் உள்ளே வர முடியாததால் பகவானே வெளியே வந்தான் என்று சரித்திரம் சொல்கிறது. ஒரு நாள் விட்டலனுக்கு சோகா தம்பதியர் அமுது படைத்தபோது, ஸோயராபாய் கை தவறி அவன் பீதாம்பரத்தில் தயிர் சிந்திவிட்டது. சோகா மனைவியைக் கடிந்துகொண்டார். அவ்வழியே வந்த அந்தணர் ஒருவர், இவர் வீட்டில் பகவான் உண்பதா என்று கோபித்து, சோகாவைக் கன்னத்தில் அறைந்தார். பிறகு அவர் ஸந்நிதிக்குப் போய்ப் பார்த்தால், மூர்த்தியின் கன்னம் வீங்கியிருந்தது. பீதாம்பரத்தில் தயிர்க் கறை!

1338-ஆம் ஆண்டு மங்கள்வேடேயில் மதில் கட்டும் வேலையில் இருந்தபோது, சுவர் இடிந்து விழுந்து சோகாமேளர் மாண்டார். உடன் மாண்டவர்கள் பலர். அந்தக் குவியலில் எந்த எலும்பிலிருந்து விட்டல நாமம் ஒலித்ததோ, அதை நாமதேவர் சேகரித்து வந்து மஹாத்வாரத்தின் முன் அடக்கம் செய்தார் என்பர்.

சோகாவின் குலத்தாருக்கு அந்தக் கதவு திறக்க 1947 வரை ஆயிற்று. பிறப்பால் பிராம்மணரான ஸானே குருஜி அந்த மே மாதம் உண்ணாவிரதம் இருந்த பிறகே திறந்தது. பகவான் ஏற்றுக்கொண்டவரை நாம் ஏற்க அறுநூறு ஆண்டுகள்!

அடுத்த முறை பண்டரிபுரம் செல்லும்போது, படியேறுமுன் அந்தச் சமாதியின் முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அவரை வணங்கிவிட்டுப் பிறகு உள்ளே செல்வோம்.