சுரங்கத்தினுள் இறங்கிய பெண் வைத்தியர்: அலிஸ் ஹமில்டன்

மார்கழி மாதத்துக் குளிரில் சுபஹுத் தொழுகைக்கு ஆயத்தமாகும் வாப்பா, சில நாட்களில் தன் சேர்ட்டின் பொத்தான்களைப் பூட்டிவிடும்படி என்னை அழைப்பார். அவருடைய விரல்கள் நுனியில் வெளுத்து மரத்துப் போயிருக்கும். சூடான தேநீர்க் கோப்பையைச் சிறிது நேரம் பிடித்திருந்த பின்னர்தான் அவற்றின் நிறம் திரும்பும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்த வாப்பா, யுத்தம் முடிந்த பின் வன்னிக்குத் திரும்பினார். வீதிகளும் வீடுகளும் மீண்டும் எழுந்துகொண்டிருந்த காலம் அது. எங்கும் சல்லிக்கல் தேவைப்பட்டது. வவுனியா மாவட்டத்திலுள்ள ஒரு கல்குவாரியில் அவருக்கு வேலை கிடைத்தது. பன்னிரண்டு வருடங்களாக, வெடி வைப்பதற்குப் பாறையில் துளையிடும் காற்றழுத்தக் கருவியைப் பிடிக்கிறார். விரல் மரப்பதை வயதின் கோளாறு என்றே நாங்கள் எண்ணி, எண்ணெய் தேய்த்துவிட்டோம். உயர்தர உயிரியல் பாடத்திற்காக நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோதுதான், இதே விரல்களை நூறு வருடங்களுக்கு முன்னரே ஒரு பெண் கண்டு எழுதிவைத்திருப்பதை அறிந்தேன். அவர்தான் அலிஸ் ஹமில்டன்.

அலிஸ் 1869 பெப்ரவரி 27ஆம் திகதி அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் பிறந்தார். இந்தியானா மாநிலத்தின் போர்ட் வெய்ன் நகரில் வளர்ந்தார். சிறுவயதில் பாடசாலைக்கு அனுப்பப்படாமல் வீட்டிலேயே கல்வி பெற்றார். பெண்கள் மருத்துவம் படிப்பது அரிதாயிருந்த அக்காலத்தில், 1893இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்காகச் சகோதரி எடித்துடன் ஜேர்மனிக்குச் சென்றபோது, ஆண் மாணவர்களின் கண்ணில் படாதவாறு ஒதுங்கியிருந்தே விரிவுரை கேட்க வேண்டியிருந்தது.

1897இல் சிக்காகோவிலுள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியொன்றில் ஆசிரியப் பணி ஏற்றார். குடியிருந்தது ஏழைக் குடியேறிகளின் நடுவே ஜேன் அடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் என்னும் சேவை இல்லத்தில். அயலில் இருந்தவர்கள் தொழிற்சாலைகளில் உழைப்பவர்கள். வேலைக்குப் போகும்போது திடகாத்திரமாக இருந்தவர்கள் சில வருடங்களிலேயே நோயாளிகளாவதை அவர் கண்ணாரக் கண்டார்.

அவருடைய வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு தவறு. 1902இல் சிக்காகோவில் நெருப்புக் காய்ச்சல் பரவியபோது, கழிப்பிடங்களின் ஈக்களே காரணம் என்று அவர் ஆராய்ந்து சொன்னார். எல்லோரும் பாராட்டினார்கள். பின்னர், குடிநீர்க் குழாய் உடைந்து அதில் கழிவுநீர் கலந்ததே பிரதான காரணம் எனத் தெரியவந்தது. தன் முடிவு பிழைத்ததை அவர் மறைக்கவில்லை. பிற்காலத்தில் எழுதிய சுயசரிதையிலும் அதைப் பதிவு செய்தார்.

1910இல் இலினோய் மாநில அரசு தொழில்சார் நோய்கள் பற்றிய ஆய்வை அவரிடம் ஒப்படைத்தது. ஈயம் பயன்படுத்தும் தொழிற்சாலைகளில் ஆட்கள் வயிற்றுவலியாலும் கை தளர்ச்சியாலும் துன்பப்பட்டனர். கை கழுவாமல் சாப்பிடுவதே காரணம் என்று முதலாளிமார் தொழிலாளர் மீது பழி போட்டனர். அலிஸ் வைத்தியசாலைப் பதிவேடுகளைப் பார்த்தார். நோயாளிகளின் வீடுகளைத் தேடிச் சென்றார். பிறகு தொழிற்சாலைக்குள் நுழைந்து அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார். கைகளிலுள்ள அழுக்கை விட, அவர்கள் சுவாசிக்கும் தூசியும் புகையுமே பெரிய ஆபத்து என்று நிறுவினார். அதன் பயனாக 1911இல் அம்மாநிலத்தில் தொழில்சார் நோய்ச் சட்டம் வந்தது. அதன் பின் மத்திய அரசுக்காக நாடெங்கும் சென்று ஆய்வு செய்தார்.

1918ஆம் வருடக் குளிர்காலத்தில் இந்தியானாவின் பெட்போர்ட் நகரிலுள்ள சுண்ணாம்புக்கல் வெட்டும் இடங்களுக்குப் போனார். அங்கே காற்றழுத்தச் சுத்தியல் பிடித்தவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து, உணர்விழந்து, செத்த விரல்கள் போலாவதைக் கண்டார். கருவியின் இடைவிடாத அதிர்வும், அதை இறுகப் பிடிப்பதும், குளிரும் சேர்ந்து விரலின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்கின்றன என விளக்கினார். அதை வாசித்த அன்று என் கண்முன் வந்தது வாப்பாவின் கைதான்.

மறுவருடம் அரிசோனாவின் செப்புச் சுரங்கங்களுக்குச் சென்றார். ஐம்பது வயதை எட்டிய அந்தப் பெண், சுரங்கத் தொழிலாளியின் உடையும் விளக்குத் தொப்பியும் அணிந்து பூமிக்கடியில் இறங்கினார். துளையிடுபவர் எப்படி நிற்கிறார், கருவியை எப்படித் தாங்குகிறார் என்று அருகில் நின்று பார்க்காமல் எதையும் எழுதக்கூடாது என்பது அவரது கொள்கை.

பாறையைத் துளைக்கும்போது அதிர்வு மட்டுமன்றித் தூசியும் வருகிறது. அதிலுள்ள சிலிக்கா என்னும் நுண்துகள், கண்ணுக்குத் தெரியாத அளவில் நுரையீரலுக்குள் சென்று வடுவை உண்டாக்கும். அதுவே சிலிக்கோசிஸ். வந்தால் மாறாது, காசநோய்க்கும் இடம் கொடுக்கும். துளையினுள் தண்ணீர் விட்டுக்கொண்டே துளைத்தால் தூசி எழுவது வெகுவாகக் குறையும். முகத்துக்குத் துணி கட்டுவதால் அந்த நுண்துகள் நிற்காது. முதலில் திருத்த வேண்டியது வேலை செய்யும் முறையை. முகக்கவசம் அதற்குப் பிறகே. அலிஸின் வாழ்நாள் உழைப்பின் சாரமும் இதுதான்: தொழிலாளியைக் குறை சொல்லுமுன் தொழிலிடத்தைத் திருத்து.

1919இல் ஹாவர்ட் பல்கலைக்கழகம் அவரை உதவிப் பேராசிரியராக நியமித்தது. அங்கு நியமனம் பெற்ற முதல் பெண் ஆசிரியர் அவரே. ஆனாலும் ஆசிரியர் மன்றத்துக்குள் வரக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது என்ற நிபந்தனைகள் இருந்தன. 1935இல் ஓய்வு பெறும்வரை பதவி உயர்வும் கிடைக்கவில்லை.

1970 செப்டெம்பர் 22இல், தமது 101ஆவது வயதில் அவர் காலமானார். மூன்று மாதங்களின் பின், அதே வருட டிசம்பரில், தொழிலிடப் பாதுகாப்பும் சுகாதாரமும் பற்றிய சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. ஆனால் 1978இல் ஆய்வாளர்கள் மீண்டும் பெட்போர்ட்டுக்குச் சென்றபோது, அறுபது வருடங்களுக்குப் பின்னும் கல் வெட்டுவோரிடம் அதே வெளுத்த விரல்களைக் கண்டார்கள். உண்மையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, யாராவது அதைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை இது எனக்கு உணர்த்தியது.

எனவே ஒரு வெள்ளிக்கிழமை, அப்பியாசக் கொப்பியுடன் வாப்பாவின் முன் உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் கருவி பிடிப்பீர்கள், தண்ணீர் விட்டா துளைப்பீர்கள், எந்த விரல் முதலில் மரத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு ஒளிக்காமல் சொன்னார். இருமல் இருப்பதையும் அன்றுதான் சொன்னார். அந்தத் தாளை அவர் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். வைத்தியர் அதை வாசித்துவிட்டு நெஞ்சுப் படம் எடுக்க எழுதிக்கொடுத்தார். கையைச் சூடாக வைத்திருக்கவும், இடையிடையே ஓய்வு கொடுக்கவும், பீடியை விடவும் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ், படத்தில் பயப்படும்படி எதுவும் இல்லை.

வேலையை விடும்படி வாப்பாவிடம் என்னால் சொல்ல முடியாது. என் டியூஷன் காசு அந்தக் கருவியிலிருந்துதான் வருகிறது. இப்போது அவரும் இன்னொருவரும் முறை வைத்துத் துளையிடுகிறார்கள். தண்ணீர்க் குழாய் வேண்டுமென்று நான்கு பேர் சேர்ந்து கேட்டிருக்கிறார்கள்; இன்னும் வரவில்லை. மறுபடியும் கேட்பார்கள்.

நான் வைத்தியராவேனா என்பது அல்லாஹ் ஒருவனுக்கே தெரியும். ஆனால் சகோதரிகளே, உங்கள் வாப்பாவோ நானாவோ மாமாவோ குவாரியிலோ அரிசி ஆலையிலோ உழைத்தால், அவர் அங்கே எதைச் சுவாசிக்கிறார், எதைப் பிடிக்கிறார் என்று இன்றிரவே கேட்டுப் பாருங்கள். அலிஸ் ஹமில்டனும் அப்படிக் கேட்டுத்தான் தொடங்கினார்.