கருவின் கணக்கறிந்த பொவேரி

மகப்பேறு வாய்க்காதவளை மலடி என்று இகழ்வதும், கருச்சிதைந்தவளை அவள் வினை என்று தூற்றுவதும் நம்மிடையே வேரூன்றிய வழக்கம். என் தமக்கையார் மும்முறை கருவுற்று மும்முறையும் இழந்தார். சுமை தூக்கினாள், படியேறினாள் என்று ஊரார் அவர்மீதே குற்றஞ் சுமத்தினர். இலக்கணம் கற்பிக்கும் யான் உயிரியல் நூல்களை நாடியதற்கு அதுவே காரணம். அந்நாட்டத்தில் எதிர்ப்பட்ட பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன்.

தியோடோர் பொவேரி 1862 ஆம் ஆண்டு ஒக்டோபர் 12 ஆம் நாள் ஜேர்மனியின் பாம்பேர்க் நகரிற் பிறந்தார். மியூனிக் பல்கலைக்கழகத்தில் வரலாறும் மெய்யியலும் கற்கப் புகுந்தவர், விரைவில் இயற்கை விஞ்ஞானத்தின்பாற் சென்றார். இசையிலும் ஓவியத்திலும் ஈடுபாடு மிக்கவர். 1893 இல் வூர்ஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் விலங்கியற் பேராசிரியரானார். அமெரிக்காவிலிருந்து அங்கு ஆராய வந்த மார்செல்லா ஓகிரேடி என்னும் அறிஞரை 1897 இல் மணந்தார். இருவரும் இத்தாலியின் நேப்பிள்ஸ் கடலாய்வு நிலையத்தில் ஒருங்கிருந்து ஆராய்ந்தனர்.

ஆங்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் கடல் முள்ளெலி என்னும் சிற்றுயிரின் முட்டை. ஒரு முட்டையை ஒரு விந்து சேர்தலே இயல்பு. பொவேரியோ இரு விந்துகள் புகுந்த முட்டைகளை ஆராய்ந்தார். அவற்றில் நிறமூர்த்தத் தொகுதிகள் மூன்றாகின்றன. அவை இரட்டித்து ஆறாக, முட்டை பெரும்பாலும் ஒரே முறையில் நான்கு கலங்களாகப் பிரிகின்றது. ஆறு தொகுதியை நான்கு கலங்களுக்குக் குறைவின்றிச் சமமாய்ப் பங்கிடல் யாங்ஙனம்? பங்கு தாறுமாறாயிற்று. அந்நான்கு கலங்களையும் பிரித்து வளர்த்தார். இயல்பான முட்டையின் நான்கு கலங்கள் தனித்தனியே முழுவடிவுடைய சிறு குடம்பிகளாதல் கூடும். இவையோ ஒன்றுபோல் மற்றொன்று வளராது, பெரும்பாலும் குறைபட்டு மடிந்தன. ஒவ்வொரு நிறமூர்த்தமும் தனித்தன்மை உடையது. முழுத்தொகுதியின்றி வளர்ச்சி நிறைவுறாது. இவ்வுண்மையை 1902 இல் வெளியிட்டார்.

1913 இல் பேர்லினிற் புதிதாய் அமையவிருந்த உயிரியல் நிறுவகத்தின் தலைமை அவரை நாடி வந்தது. உடல்நலிவால் அதனை ஏற்றிலர். 1915 ஒக்டோபர் 15 இல், ஐம்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார்.

மனிதக் கலத்தின் நிறமூர்த்தங்கள் 46 என்பது 1956 இலேதான் துணியப்பட்டது. அதன்பின் சிதைந்த கருக்களை ஆராய்ந்தோர் பொவேரி கண்டதையே மனிதரிடத்தும் கண்டனர். முதல் மூன்று மாதங்களுட் சிதையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்கு நிறமூர்த்தப் பிழையே காரணம். அப்பிழைகளுட் பெரும்பாலன முட்டையோ விந்தோ உருவாகும்போது தற்செயலாய் நேர்வன. சிலவேளை உடல்நலங் குன்றாத தந்தையோ தாயோ இடம்மாறிய நிறமூர்த்தத்தை உடையராதலும் உண்டு. நிறமூர்த்தம் ஒன்று கூடியோ குறைந்தோ பிறந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் மகப்பேறின்மை நேர்தலும் உண்டு.

என் தமக்கையாரின் கருக்களை எவரும் ஆராய்ந்திலர். ஆயினும் இவ்வரலாற்றைக் கற்றபின் ஒன்று தெளிந்தேன். ஊரார் கூறிய சுமையும் படியும் காரணமல்ல, அவள் வினையுமன்று. இதனை அவர் உயிருடனிருந்த நாளில் எடுத்துரைக்க இயலாமற் போயிற்றே என்பதுதான் என் வருத்தம். மாணவர்க்கேனும் உரைப்போமாக.