பாரிசிலே தனித்து நின்று பயின்ற ஜூலியா மோர்கன் அம்மையார்

1896ஆம் ஆண்டில் 24 வயது நிரம்பிய அமெரிக்கப் பெண்ணொருவர் பாரிஸ் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். பிரயாணத்துக்குத் தோழி ஒருவர் துணையிருந்தார். ஆனால் தாய் தகப்பனோ சகோதரரோ உடன் போகவில்லை. பிரெஞ்சு மொழியையும் மீற்றர் அளவு முறையையும் அங்கே போய்த்தான் பழக வேண்டியிருந்தது. அவர் படிக்க விரும்பிய கல்லூரி அதுவரை ஒரு பெண்ணையும் சேர்த்துக்கொண்டதில்லை. அவர்தான் பிற்காலத்தில் 700க்கு மேற்பட்ட கட்டடங்களை அமைத்துப் புகழ்பெற்ற ஜூலியா மோர்கன் அம்மையார்.

பெண்கள் கல்லூரி ஒன்றின் பழைய மாணவிகளாகிய நாம் இந்த மலரிலே அவரை நினைப்பதற்குத் தகுந்த காரணம் உண்டு. அவர் பாரிசிலே கற்றதில் பெரும்பங்கு, பெண்கள் படிக்கவும் தங்கவும் கூடவும் வேண்டிய இடங்களாகவே பின்னர் உருவெடுத்தது.

அவர் 1872ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவிலே பிறந்து, அண்மையிலுள்ள ஓக்லண்ட் நகரில் வளர்ந்தார். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைக்குத் தனிப் பிரிவு அப்போது இல்லாமையால் குடிசார் பொறியியல் படித்து 1894இல் பட்டம் பெற்றார். அந்த வகுப்பிலே அவர் ஒருவரே பெண். அங்கே கற்பித்த பேர்னாட் மேபெக் என்னும் கட்டடக் கலைஞர், தாம் படித்த பாரிஸ் நுண்கலைக் கல்லூரிக்கே போய்ப் படிக்கும்படி அவரைத் தூண்டினார். எக்கோல் தெ போசார் என்று பெயர் பெற்ற அக்கல்லூரியே அந்நாளில் கட்டடக்கலை கற்போருக்கு உலகில் முதலிடமாக விளங்கியது. பெண்களுக்கும் அதன் கதவு திறக்கப்படலாம் என்ற பேச்சு அடிபட்டது. அந்தப் பேச்சை நம்பியே அவர் கப்பலேறினார்.

போனவுடன் கதவு திறக்கவில்லை. அவர் மார்செல் தெ மொங்குளோ என்பவரின் வரைகூடத்தில் இடம்பெற்று, வரைபடப் பலகையின் முன்னே உழைத்துக் காத்திருந்தார். 1897இல் கல்லூரி பெண்களை ஏற்பதென முடிவாயிற்று. அப்போது ஆண் மாணவர்கள் கூச்சலிட்டு எதிர்ப்புக் காட்டினர். கட்டடக்கலைப் பிரிவின் நுழைவுப் பரீட்சையோ மிகக் கடினமானது. ஒரே நாளில் குறித்த மணித்தியாலங்களுக்குள் ஒரு கட்டடத்தை வகுத்து வரையவேண்டும். அத்துடன் சித்திரம், கணிதம், கேத்திரகணிதம், வரலாறு ஆகியனவும் உண்டு. எல்லாம் பிரெஞ்சு மொழியிலே.

முதல் முறை அவர் 42ஆம் இடத்துக்கு வந்தார். முதல் 30 பேருக்கே இடமென்பதால் அனுமதி கிடைக்கவில்லை. மறுமுறை எழுதியபோது நன்றாகச் செய்திருந்தும் புள்ளிகள் குறைக்கப்பட்டன. இளம் பெண்களுக்கு ஊக்கம் கொடுக்கப் பரீட்சகர்கள் விரும்பாமையே அதற்குக் காரணமென அவர் அறிந்துகொண்டார். வீடு திரும்பியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் அவர் அமெரிக்காவிலிருந்த உறவினருக்கு எழுதிய கடிதத்தில், தேறும் நம்பிக்கை இல்லாவிட்டாலும் மீண்டும் எழுதப் போவதாகவும், பெண்பிள்ளைகள் மனம் தளர்ந்துவிடவில்லை என்பதைக் காட்டினால் போதுமென்றும் தெரிவித்தார். 1898ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மூன்றாம் முறை எழுதி 13ஆம் இடத்தைப் பிடித்தார். அக்கல்லூரியின் கட்டடக்கலைப் பிரிவில் அனுமதி பெற்ற முதற் பெண் அவரே.

காத்திருந்த அந்த இரண்டு ஆண்டுகளும் வீணாகவில்லை. பாரிஸ் என்பது கட்டடக்கலை பயில்வோருக்குத் திறந்து வைத்த புத்தகம் போன்றது. 1163இல் தொடங்கப்பட்ட நோத்ர தாம் பேராலயம் செயின் நதியின் நடுத் தீவிலே நிற்கிறது. 1612இல் நிறைவெய்திய பிளாஸ் தே வோஷ் சதுக்கத்தில் ஒரே சீரான வீடுகள் நான்கு பக்கமும் வரிசையாக நிற்கின்றன. சாந்த் ஜெனவியேவ் நூலகத்தின் வாசிப்பு மண்டபக் கூரையை மெல்லிய இரும்புத் தூண்கள் தாங்குகின்றன. அதைக் கட்டிய லப்ரூஸ்ட், இரும்பை மறைக்காமல் காட்டிய முன்னோடி. 1875இல் திறக்கப்பட்ட ஒப்பேரா மாளிகை இன்னொரு பக்கம். அம்மையார் போனபோது ஐபல் கோபுரம் எழுந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்தன.

பழையனவற்றோடு புதியனவும் அவருடைய காலத்திலேயே எழுந்துகொண்டிருந்தன. 1900ஆம் ஆண்டு உலகப் பொருட்காட்சிக்காகக் கிராண்ட் பலேயும் பெத்தி பலேயும் மூன்றாம் அலெக்சாந்தர் பாலமும் கட்டப்பட்டன. கல்லூரியிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் ஓர்சே புகையிரத நிலையம் எழுந்தது. வெளியே செதுக்கிய கல்முகப்பு. உள்ளே இரும்பும் கண்ணாடியும். மொன்மார்த்தர் குன்றின் சரிவில் கம்பியிட்ட சீமெந்தினால் ஒரு தேவாலயமே கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. பொறியியல் படித்த ஒரு பெண்ணுக்கு இதைவிட ஏற்ற காலம் வாய்த்திருக்காது. பழைமையின் அழகும் புதுப் பொருள்களின் பலமும் ஒரே கட்டடத்தில் சேரலாம் என்பதற்கு அந்நகரம் முழுவதும் சாட்சி நின்றது.

கல்லூரிக்குள் போன பின்னரும் ஆறுதலாக இருக்க நேரம் இல்லை. 30 வயது நிறைந்தால் மாணவர் தகுதி முடிந்துவிடும் என்பது அங்கே விதி. அவருக்கு அப்போது 26 வயது. பயிற்சி முழுவதும் போட்டிகளாகவே நடந்தது. கொடுக்கப்பட்ட விடயத்துக்கு முதலில் சில மணித்தியாலங்களில் பருமட்டான வரைபடம் போடவேண்டும். பின்னர் பல வாரம் உழைத்துப் பூரணமான படங்களைத் தரும்போது அந்த முதல் எண்ணத்திலிருந்து விலகக்கூடாது. கடைசி நாளிலே மாணவர்கள் படங்களைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு தெருவழியே ஓடுவார்கள். பெரும்பாலானோருக்கு ஐந்து ஆண்டுகள் வரை எடுக்கும் பயிற்சியை, சோமிசு என்பவரின் வரைகூடத்திலிருந்து அவர் மூன்று ஆண்டுகளில் முடித்தார். தம்பி ஏவரியும் பாரிசுக்கு வந்து உடனிருந்தார். வசதிபடைத்த பீபி ஹேர்ஸ்ட் அம்மையார் பண உதவி செய்ய முன்வந்தபோது அதை நன்றியோடு மறுத்துவிட்டார். அரண்மனைக்கான நாடக அரங்கு ஒன்றை வரைந்து 1902இல் சான்றிதழ் பெற்றார்.

தாய்நாடு திரும்பிய அவர் 1904இல் கலிபோர்னியாவில் கட்டடக் கலைஞருக்கான உரிமம் பெற்ற முதற் பெண்ணானார். அதே ஆண்டில் ஓக்லண்டிலிருந்த மில்ஸ் மகளிர் கல்லூரிக்கு ஒரு மணிக்கோபுரம் கட்டிக் கொடுத்தார். 72 அடி உயரம், பத்து மணிகள். கம்பியிட்ட கொங்கிறீற்றை அந்தப் பகுதியிலே பலரும் நம்பத் தொடங்காத காலம் அது. 1906 ஏப்ரல் 18ஆம் திகதி அதிகாலையில் பெரும் பூகம்பம் வந்தது. சான் பிரான்சிஸ்கோ இடிந்தும் எரிந்தும் போயிற்று. மகளிர் கல்லூரியின் மணிக்கோபுரமோ அசையாமல் நின்றது. அதன் பின் அவருடைய பெயரை யாரும் சந்தேகத்தோடு சொல்லவில்லை. தீயில் உள்ளே கருகிப்போன பெயர்மொண்ட் விடுதியைத் திருத்திக் கட்டும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஓராண்டுக்குள் அது மீண்டும் திறக்கப்பட்டது.

பத்திரிகை உலகின் செல்வந்தர் வில்லியம் ஹேர்ஸ்டுக்காகச் சான் சிமியோன் குன்றிலே அவர் கட்டிய மாளிகையே உலகத்தார் அதிகம் அறிந்தது. 1919 முதல் 1947 வரை அந்த வேலை நீண்டது. வார நாட்களில் அலுவலகத்தில் உழைத்துவிட்டு, பெரும்பாலான வார இறுதிகளில் புகையிரதமேறி அவ்விடம் போய் வேலையைப் பார்வையிட்டு வருவார். சாரமேறிச் சோதிக்காமல் எதையும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

எமக்கு நெருக்கமானவை வேறு. வை.டபிள்யூ.சீ.ஏ. சங்கத்துக்காக ஓக்லண்டிலும், சான் பிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பிலும், ஹொனலுலுவிலும் அவர் கட்டடங்கள் அமைத்தார். பசிபிக் கடலோரத்தில் அசிலோமார் என்னும் கூடுமிடத்தை 1913இலிருந்து உருவாக்கினார். பெர்க்லியில் பெண்கள் கழகத்துக்கு நீச்சற் குளத்தோடு கூடிய பெரிய மாளிகை ஒன்றையும் கட்டினார். ஊரைவிட்டு வேலை தேடி வரும் பெண்களின் விடுதிக்குச் சிறு சமையலறைகளும், விருந்தினரை அழைத்து உபசரிக்கத் தனிச் சாப்பாட்டறைகளும் அவர் வரைபடத்தில் வைத்தாராம். உழைத்துப் பிழைக்க வரும் பிள்ளைகளுக்கு இத்தனை வசதி எதற்கு என்று குழுவினர் கேட்டபோது, அவர்கள் அப்படிப்பட்டவர்கள் என்பதாலேயே அது வேண்டும் என்று விடை சொன்னதாக அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். அந்நிய நகரில் தனியே இருந்து பார்த்த ஒருவருக்கே அந்த விடை வாயில் வரும்.

அவர் தம்மைப் பற்றிப் பேச விரும்பியதில்லை. போட்டிகளுக்கும் பேட்டிகளுக்கும் விலகியே இருந்தார். 1951இல் அலுவலகத்தை மூடி, 1957 பெப்ரவரி 2ஆம் திகதி, 85ஆம் வயதில் காலமானார். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் நிறுவனம் தன் உயரிய பொற்பதக்கத்தை 2014இல் அவருக்கு வழங்கியது. அதைப் பெற்ற முதற் பெண் அவர். இறந்து 57 ஆண்டுகள் கழிந்திருந்தன.

எம்முள்ளும் எத்தனையோ பேர் தெரியாத மொழி பேசும் நகரங்களில் தனியே போய் இறங்கியவர்கள். இப்போது எமது பிள்ளைகளும் பேத்திகளும் போகிறார்கள். முதலாம் பரீட்சையிலோ முதலாம் நேர்முகத்திலோ கதவு மூடினால் என்ன செய்வது என்று அவர்கள் கேட்கும்போது, 42ஆம் இடத்துக்கும் 13ஆம் இடத்துக்கும் இடையில் ஜூலியா மோர்கன் பாரிசிலே என்ன செய்தார் என்பதை எடுத்துச் சொல்லலாம்.

பாரிசில் வாழும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. லா சப்பலில் கடை அலுவல் முடிந்து நேரம் இருந்தால், கார் து நோர் நிலையத்தில் நான்காம் இலக்க மெற்றோ ஏறிச் சென் ஜெர்மன் தே பிரே நிலையத்தில் இறங்குங்கள். போனபார்ட் வீதி வழியே நதியை நோக்கிச் சற்று நடந்தால் அந்த நுண்கலைக் கல்லூரியின் வாசல் வரும். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.