கடைவீதி யாரால் பிழைக்கும்? ஆனந்தரங்கப் பிள்ளையின் வாழ்க்கை சொல்லும் புதுச்சேரி கதை

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருந்தால், ரங்கப்பிள்ளை வீதி என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். யார் அந்த ரங்கப்பிள்ளை? பள்ளிப் பாடத்தில் நாட்குறிப்பு எழுதியவர் என்று ஒரு மார்க் கேள்வியோடு முடிந்துபோனவர். ஆனால் அடிப்படையில் அவர் ஒரு வியாபாரி. ஆன்லைன் ஷாப்பிங்கோடு கடைவீதிகள் மல்லுக்கட்டும் இந்த நேரத்தில், அவர் கதை நமக்கு ரொம்பவே தேவை.

சென்னையிலிருந்து வந்த குடும்பம்

1709-ல் சென்னை பெரம்பூரில் பிறந்தார். மூன்று வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். அப்பா திருவேங்கடம் பிள்ளை வியாபாரி. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு கம்பெனியின் தலைமை துபாஷாக இருந்த நைனியப்ப பிள்ளை இவர்களுக்கு உறவு. துபாஷ் என்றால் சும்மா மொழிபெயர்ப்பாளர் இல்லை. கம்பெனிக்கும் உள்ளூர் வியாபாரிகளுக்கும் நடுவில் நின்று கொள்முதல், கடன், பஞ்சாயத்து எல்லாம் பார்ப்பவர். ஊரில் வியாபாரத்தைப் பெருக்க, சென்னையிலிருந்து வியாபாரிகளை அழைத்து வந்தார் நைனியப்பர். திருவேங்கடம் பிள்ளையும் அப்படித்தான் வந்தார்.

நம்பிக்கை உடைந்தபோது...

1716-ல் கவர்னர் எபேர், நைனியப்பரைச் சிறையில் தள்ளினார். 1717-ல் சிறையிலேயே அவர் இறந்தார். பயந்துபோன திருவேங்கடம் பிள்ளை சென்னைக்கே திரும்பிவிட்டார். அடுத்து வந்த கவர்னர் உறுதிமொழி தந்து கூப்பிட்ட பிறகுதான் மறுபடி பாண்டிச்சேரிக்கு வந்தார்.

நைனியப்பரின் மகன் குருவப்ப பிள்ளையும் விடவில்லை. பிரான்சுக்கே போய் நியாயம் கேட்டார். அப்பா மீதான தீர்ப்பு ரத்தானது. மகன் செவாலியே பட்டத்தோடு திரும்பி, தலைமை துபாஷ் ஆனார்.

17 வயதில் தலையில் பொறுப்பு

1726-ல் அப்பா இறந்தபோது ரங்கப்பிள்ளைக்கு வயது 17. அவர் திறமையைப் பார்த்த கவர்னர் லெனுவார், பரங்கிப்பேட்டை வியாபாரத்தை ஒப்படைத்தார். பிள்ளை அதோடு நிற்கவில்லை. சொந்தப் பணம் போட்டு லாலாப்பேட்டையிலும் ஆற்காட்டிலும் வணிக நிலையங்கள் திறந்தார். ஐரோப்பியச் சரக்கை அங்கே கொடுத்து, அந்த ஊர்ச் சரக்கை வாங்கினார். வாங்குகிறவர் தேடி வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், அவர் இருக்கும் ஊருக்கே கடையைக் கொண்டுபோனார். ஆனந்தப் புரவி என்ற பெயரில் சொந்தக் கப்பலும் ஓடியது.

1736-ல் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார். கப்பல் வரவு, துணி மூட்டை, கொடுக்கல் வாங்கல், வியாபாரிகளின் சண்டை, கவர்னரின் கோபம் என எல்லாம் அதில் உண்டு. கவர்னர் டூப்ளே காலத்தில், 1747-ல் தலைமை துபாஷ் ஆனார்.

1754-ல் டூப்ளே பிரான்சுக்குத் திரும்பியதும் செல்வாக்கு சரிந்தது. 1756-ல் பதவியும் போனது. 1761 ஜனவரியில் இறந்தார். சில நாட்களிலேயே ஊர் ஆங்கிலேயரிடம் வீழ்ந்து, பின்னர் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. 1765-ல்தான் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். கீழே தமிழ் மரத்தூண்கள், மேலே பிரெஞ்சுத் தூண்கள் என பிள்ளையின் வீடு மார்க்கெட் பக்கத்தில் இன்றும் நிற்கிறது.

இன்றைக்கு என்ன சம்பந்தம்?

குபேர் அங்காடி எனப்படும் அதே பெரிய மார்க்கெட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் முடிவானபோது, வியாபாரிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். பகுதி பகுதியாகக் கட்டுங்கள், மொத்தமாக வெளியேற்றாதீர்கள் என்பது அவர்கள் கோரிக்கை. திரும்ப அதே கடை கிடைக்குமா என்ற பயம் ஒரு பக்கம். வாடிக்கையாளர் திரும்ப வருவாரா என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டாவது பயம் அன்றைக்கு இல்லாதது. ஒரு வருடம் மொபைலில் ஆர்டர் போட்டுப் பழகியவரை மறுபடி மார்க்கெட்டுக்கு வரவைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

நெரிசலும் பழைய கட்டடமும் உண்மையான பிரச்னைகள்தான். நல்ல கட்டடம் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் 300 வருடங்களுக்கு முன்பு, பயந்து ஓடிய ஒரு வியாபாரியைத் திரும்ப அழைக்க ஒரு கவர்னரே உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் அதுவே முதல் வேலை: யாருக்கு எந்தக் கடை, வாடகை எவ்வளவு, எப்போது திரும்பலாம் என்பதை முதல் செங்கலை எடுக்கும் முன்பே எழுத்தில் கொடுப்பது.