ஓடவும் விட்டார்... ஓய்வெடுக்கவும் விட்டார்!

குட்டீஸ், புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள குடுமியான்மலைக்குப் போயிருக்கிறீர்களா? அந்தக் குன்றைப் பார்த்ததுமே கால்கள் பரபரக்கும். ஓடி ஆடிக் களைத்ததும், நிழல் தேடி உட்காரத் தோன்றும். அப்படி அமைதியாக உட்காரும்போதுதான், பாறையில் வரிசை வரிசையாக வெட்டப்பட்டிருக்கும் பழமையான இசைக் கல்வெட்டு கண்ணில் படும். 1,200 ஆண்டுகளுக்கும் முந்தையது அது!

ஆட்டமும் வேண்டும், அமைதியும் வேண்டும். இதை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால், பெரியவர்களுக்குச் சொல்லித் தர ஒருவர் தேவைப்பட்டார். அவர்தான் மரியா மாண்டிசோரி அம்மையார். நம் தமிழ்நாட்டில் வாழ்ந்து, இங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்.

இவர் 1870 ஆகஸ்ட் 31-ஆம் தேதி இத்தாலியில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாக இருந்த அந்தக் காலத்தில், விடாமுயற்சியுடன் படித்து, 1896-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பு இருந்தது. தாயும் தந்தையும் வேலைக்குப் போய்விட, சின்னஞ்சிறு பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்தார்கள், சுவர்களில் கிறுக்கினார்கள். அவர்களை ஓர் அறையில் உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டால் போதும் என்றுதான் கட்டடத்தின் சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். அந்தப் பொறுப்பு மாண்டிசோரியிடம் வந்தது. 1907 ஜனவரி 6-ஆம் தேதி, 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது.

அந்தக் காலப் பள்ளிகளில், பிள்ளைகள் அசையாமல் பெஞ்சில் உட்கார வேண்டும். அசைந்தால் தண்டனைதான்! மாண்டிசோரியோ, பிள்ளைகளே தூக்கி நகர்த்தக்கூடிய சிறிய மேஜை, நாற்காலிகளைச் செய்து போட்டார். முற்றத்தில் தோட்டம் போடச் செய்தார். பிள்ளைகள் விருப்பம்போல் எழுந்து நடக்கலாம், தோட்டத்துக்குப் போகலாம், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றலாம்.

இப்படி விட்டால் ஒரே கூச்சலும் குழப்பமுமாக இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நடந்ததோ வேறு. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மர உருளைகளை அவற்றுக்கு உரிய குழிகளில் பொருத்தும் வேலையில் மூழ்கிவிட்டாள். சுற்றிலும் மற்றவர்கள் பாட்டுப் பாடியும் அவள் நிமிரவில்லை. அதே வேலையை 40 தடவைக்கு மேல் செய்துவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்தவளைப் போலப் புத்துணர்ச்சியோடு எழுந்தாள்!

இன்னொரு நாள், முற்றத்தில் நின்ற ஒரு தாயிடமிருந்து நான்கு மாதக் குழந்தையை வாங்கிக்கொண்டு மாண்டிசோரி உள்ளே வந்தார். இந்தப் பாப்பாவைப் போல உங்களால் சத்தமில்லாமல் இருக்க முடியுமா என்று விளையாட்டாகக் கேட்டார். பிள்ளைகள் அப்படியே அடங்கினார்கள். மூச்சுவிடும் சத்தம்கூட வராமல் பார்த்துக்கொண்டார்கள். கடிகாரத்தின் டிக் டிக் ஒலி எல்லார் காதிலும் விழுந்தது. அன்று பிறந்ததுதான் 'மௌன விளையாட்டு'. அமைதியை அதட்டி வாங்க முடியாது. ஓடியாடக் கற்ற குழந்தைக்கு அடங்கி இருப்பதும் ஓர் ஆனந்தமே என்பதை அம்மையார் கண்டுகொண்டார்.

தூக்கத்திலும் இப்படித்தான். பெரியவர்களுக்கு வசதியான நேரத்தில் குழந்தையைக் கட்டாயப்படுத்தித் தூங்க வைக்கக் கூடாது. தூக்கம் வந்ததும் தானே படுத்து, விழித்ததும் தானே எழும்படி, தாழ்வான படுக்கை வேண்டும் என்றார்.

வெளியே நடக்கப் போவது பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். சிறு குழந்தை தன் போக்கில் நெடுந்தூரம் நடக்கும். நடுவில் நின்று பூவைப் பார்க்கும், உட்காரும், மறுபடி நடக்கும். ஜப்பானியத் தந்தை ஒருவரைப் பற்றி அவர் சொல்வது அழகானது. போகும் வழியில் குழந்தை அவருடைய காலைக் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்ததாம். அவர் அசையாமல் நின்றார். பிறகு குழந்தை சாலை ஓரத்தில் உட்கார்ந்தது. அவர் பக்கத்திலேயே பொறுமையாகக் காத்திருந்தார். அவசரமே படவில்லை!

இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியோடு ஒத்துப்போக மாண்டிசோரி மறுத்தார். அங்கே அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. 1939-இல், 69-ஆவது வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். ஓலைக் குடிசைகளில் பயிற்சி வகுப்பு நடந்தது. நாடெங்கும் இருந்து வந்த ஆசிரியர்கள் அதில் படித்தார்கள்.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1940-இல் இத்தாலி, பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. உடனே மரியோவை ஆங்கிலேய அரசு காவலில் வைத்தது. அம்மையாரும் விருப்பம்போல் வெளியூர் போக முடியவில்லை. ஆனாலும் அவருடைய 70-ஆவது பிறந்தநாளில் பரிசுபோல மகனை விடுதலை செய்தார்கள்! பிறகு அவர் கோடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கினார். அங்கிருந்த சிறு பள்ளியில் பிள்ளைகள் செடி, கொடி, பூச்சிகளை நேரில் பார்த்துக் கற்றார்கள். 1952 மே 6-ஆம் தேதி, நெதர்லாந்தில், 81-ஆவது வயதில் அவர் மறைந்தார்.

குட்டீஸ், உங்கள் வீட்டில் அங்கன்வாடிக்குப் போகும் தம்பி, தங்கை இருக்கிறார்களா? கூட்டிக்கொண்டு போகும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். எறும்பைப் பார்க்க நின்றால் நீங்களும் நில்லுங்கள். ஓடினால் கூடவே ஓடுங்கள். களைத்து உட்கார்ந்தால் பக்கத்தில் உட்காருங்கள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடுமே என்கிறீர்களா? பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள், அவ்வளவுதான்!