ஒற்றைக் கை மிக்கேல் டேவிட்



அயர்லாந்து தேசத்தின் மேற்கே, மேயோ ஜில்லாவில், ஸ்ட்ரேட் என்றொரு குக்கிராமம் உண்டு. அங்கே 1846-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி, மங்கள வார்த்தைத் திருநாளன்று, ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் மிக்கேல் டேவிட் பிறந்தார். உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, சுமார் பத்து லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மடிந்த கொடிய பஞ்சகாலம் அது. நிலமெல்லாம் சில ஆயிரம் நிலச்சுவான்தார்கள் கையில் இருந்தது. உழுகிறவனுக்கோ வருஷக் குத்தகைதான். வேலி கட்டி, கல் பொறுக்கி, நிலத்தைத் திருத்தினால் குத்தகை ஏறும். கட்டத் தவறினால் வீடும் போகும்.

1850-ல் டேவிட் குடும்பத்துக்கும் அந்தக் கதியே வந்தது. பாக்கிக்காக அவர்களை வெளியேற்றினார்கள். தாயும் தகப்பனும் பிள்ளைகளோடு ஸ்வின்போர்டு ஊர் அனாதை விடுதிக்குப் போனார்கள். மூன்று வயதுக்கு மேற்பட்ட ஆண்பிள்ளை தாயோடு இருக்கக் கூடாது என்பது அவ்விடத்துச் சட்டம். மிக்கேலுக்கு நாலு வயது. பிள்ளையைப் பிரிய மாட்டேனென்று அந்தத் தாய் உடனே வெளியேறிவிட்டாள். தாய்மார்களே, உள்ளே கஞ்சியாவது கிடைத்திருக்கும். வெளியே தெருவைத் தவிர வேறொன்றுமில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

குடும்பம் கடல் கடந்து இங்கிலாந்து தேசத்து ஹாஸ்லிங்டன் ஊர் சேர்ந்தது. ஒன்பது வயதில் மிக்கேல் பஞ்சாலைக்குப் போனார். 1857-ல், பதினோரு வயதில், இயந்திரம் அவருடைய வலது கையை நசுக்கிவிட்டது. கையை வெட்டி எடுக்க நேர்ந்தது. நஷ்டஈடு ஒரு காசுகூட இல்லை. மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த ஒரு மில் முதலாளி இரங்கி, அச்சபையின் பள்ளியில் இக்கத்தோலிக்கச் சிறுவனைப் படிக்கவைத்தார். கை போனதால்தான் எழுத்து வந்தது எனலாம்.

வாலிபத்தில், ஆயுதம் சேர்த்த பீனியன் என்னும் இரகசியச் சங்கத்தில் சேர்ந்தார். திருச்சபை 1870-ல் பெயர் சொல்லிக் கண்டித்த சங்கம் அது. அதே ஆண்டில் பிடிபட்டு, 15 வருஷக் கடுங்காவல் தண்டனை பெற்றார். ஒற்றைக் கையோடு ஏழு வருஷத்துக்கு மேல் அனுபவித்து, 1877 டிசம்பரில் விடுதலையானார். வந்தவர் துப்பாக்கியைத் தேடவில்லை. குத்தகைக்காரரைத் தேடிப் போனார்.

1879 ஏப்ரல் 20-ந் தேதி மேயோ ஜில்லா ஐரிஷ்டவுனில் ஆயிரக்கணக்கான குடியானவர்கள் கூடினார்கள். இங்கே ஒன்றை மறைக்கலாகாது. எந்தப் பண்ணையின் குத்தகையை எதிர்த்து அக்கூட்டம் நடந்ததோ, அப்பண்ணையை நிர்வகித்தவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவரே. கூட்டத்துக்குப் பின் குத்தகையில் நூற்றுக்கு 25 குறைந்தது. அடுத்து வெஸ்ட்போர்ட் ஊரில் நடக்கவிருந்த கூட்டத்தைத் தூவாம் அதிமேற்றிராணியார் கண்டித்தார். ஆனாலும் டேவிட் அதற்குப் போனார். காஷெல் அதிமேற்றிராணியாரோ குடியானவர் பக்கம் நின்றார். குருக்களும் மேற்றிராணிமாரும் இப்படி இரு பக்கமாய் நின்ற காலத்திலும் டேவிட் விசுவாசத்தை விடவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் டப்ளின் நகரில் நிலச் சங்கம் ஸ்தாபிதமாயிற்று. பார்னெல் என்பவர் தலைவர். டேவிட் செயலாளர்களில் ஒருவர். அடிதடி கூடாது, ஆனால் கொடுமை செய்கிறவனுக்கு ஒருவரும் வேலை செய்யக் கூடாது, சாமான் விற்கக் கூடாது என்பது சங்கத்தின் முறை. 1880-ல் காப்டன் பாய்காட் என்ற பண்ணைக் காரியஸ்தர் இதில் அகப்பட்டார். அவருடைய பயிரை அறுக்க வடக்கேயிருந்து 50 ஆட்களும், காவலுக்குப் பட்டாளமும் வரவேண்டியதாயிற்று. அறுத்த பயிரின் விலையைவிடச் செலவு பல மடங்கு! பகிஷ்காரத்துக்கு ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

1881-ல் டேவிட் மறுபடியும் சிறைப்பட்டார். போர்ட்லண்ட் சிறையில் ஒரு கரும்பறவையை வளர்த்து, பிறகு அதைப் பறக்கவிட்டார். அவர் உள்ளே இருக்கையிலேயே புதுச் சட்டம் வந்தது: நியாயமான குத்தகையைக் கோர்ட்டு நிர்ணயிக்கும், குத்தகையைக் கட்டுகிறவரை வெளியேற்ற முடியாது. 1885-ம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போயிற்று. நிலத்தின் முழு விலையையும் சர்க்கார் நிலச்சுவான்தாருக்குக் கொடுத்துவிடும். குடியானவர் அதை 49 வருஷத் தவணையில் சர்க்காருக்குச் செலுத்தி நிலத்துக்குச் சொந்தக்காரராவார். 1903-ம் ஆண்டுச் சட்டம் தவணையை 68½ வருஷமாக்கி, நிலச்சுவான்தாருக்கு விலைக்கு மேல் நூற்றுக்கு 12 இனாமும் அளித்தது. பெரும்பாலும் பழைய குத்தகையைவிடத் தவணை குறைவு. ஆகவே ஜனங்கள் ஆவலோடு வாங்கினார்கள். 1914-க்குள் குத்தகைக்காரரில் முக்கால் பங்கினர் சொந்தக்காரராகும் வழியில் இருந்தார்கள்.

டேவிட்டுக்கு இது திருப்தியளிக்கவில்லை. ஏழைகளைத் துரத்தினவர்களுக்கு இனாம் எதற்கு என்று கேட்டார். நிலம் தனியார் கையில் இராமல் தேசத்துக்கே பொதுவாக வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இதில் நாம் குடியானவர் பக்கமே. தெருவில் நின்றவனுக்குத் தன் பேரில் ஒரு பத்திரம் வேண்டும் என்ற ஆசையில் தப்பென்ன? ஆனால் குத்தகை நிலங்கூட இல்லாத கூலிக்காரனுக்கு இச்சட்டங்களால் வயல் கிடைக்கவில்லை. அந்த மட்டில் டேவிட்டின் மனக்குறை நியாயமானதே.

பல்லைப் பிடுங்கியதால் இரத்தத்தில் விஷமேறி, 1906 மே 30-ந் தேதி டப்ளினில் டேவிட் காலமானார். அயர்லாந்தில் இறந்தால் ஆடம்பரமின்றி ஸ்ட்ரேட்டில் அடக்க வேண்டுமென்று எழுதிவைத்திருந்தார். அப்படியே செய்தார்கள். அவர் ஞானஸ்நானம் பெற்ற சிறு கோயில் அக்கல்லறைக்கு அருகிலேயே இருக்கிறது. இப்போது அது அவர் பெயரால் அமைந்த காட்சிசாலை.