தளவாய் புகட்டும் பாடம்

அருமனைத் தோழர்கள் அறிந்த ஊர்தான் தலக்குளம். அங்கே 1765-இல் பிறந்தவர் வேலுத்தம்பி.

1799-இல் திருவிதாங்கூர் அரண்மனையை ஆட்டிப் படைத்தவர் மூவர்: ஜயந்தன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்துத் தரகன். கஜானா காலி, ஊர் ஊராகப் பணம் கறந்தனர். வேலுத்தம்பியிடமும் கேட்டனர். தவணை வாங்கிச் சென்றவர் பணத்தோடு திரும்பவில்லை, மக்களோடு வந்தார்! மன்னர் பணிந்தார்; மூவரும் வீழ்ந்தனர்.

பின்னர் அவரே தளவாய், அதாவது முதலமைச்சர். லஞ்சத்தை ஒடுக்கினார், கணக்கைச் சீராக்கினார். ஆனால் 1804-இல் படைவீரரின் படியிலே கை வைத்தார். வீரர்கள் வெகுண்டெழுந்தனர். அன்று அவர் நாடியது மக்களையா? இல்லை, கிழக்கிந்தியக் கம்பெனியை! கலகம் அடங்கியது. கூலி? 1805 உடன்படிக்கை, ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்!

கம்பெனி யார்? லண்டன் பங்குதாரருக்கு இலாபம் தேடிய வணிகக் கூட்டம். ஒரு கையிலே தராசு, மறு கையிலே துப்பாக்கி! ஜாவாவின் மாத்தாராம் மன்னரும் 1677-இல் கலகத்தை அடக்க டச்சுக் கம்பெனியை அழைத்தார். துறைமுக வருமானத்தைப் பறிகொடுத்தார்.

இங்கே பாக்கி ஏறியது. ரெசிடெண்ட் மெக்காலே நெருக்கினார். 1809 ஜனவரியில் குண்டறையிலே தளவாய் மீண்டும் மக்களை அழைத்தார். காலம் கடந்துவிட்டது! பிப்ரவரியில் ஆரல்வாய்மொழி அரண் வீழ்ந்தது, மன்னரும் கைவிட்டார். மண்ணடியிலே உயிர் துறந்தார் தளவாய். உயிரற்ற உடலையும் தூக்கிலே தொங்கவிட்டனர்.

வீரர்தான், ஐயமில்லை. ஆனால் தோழர்களே, மக்களை அடக்க முதலாளியிடம் இரவல் வாங்கிய படை, வாங்கியவனின் ஆட்சியையே அடகு பிடிக்கும்! 1799-இல் அவரைக் காத்தது எது, 1809-இல் கவிழ்த்தது எது? எண்ணிப் பாருங்கள்!